காலர் அக்காவின் வலது கால்

காலர் அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் யாரென்று தெரியாமலே திட்டினார். தெரிந்த பிறகு இன்னும் வாய் நிறையத் திட்டினார்.

அந்தச் சட்டைக் கம்பெனியில், பணியாளர் நலப் பிரிவில் நான் சேர்ந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மேனேஜர் கூப்பிட்டு, "நீரிழிவு விழிப்புணர்வு வாரம் வருது. நீதான் நல்லாப் படிச்சவனாச்சே, ஒரு நோட்டீஸ் எழுது" என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் ஒட்டினேன். ஒட்டிவிட்டு, யார் யார் படிக்கிறார்கள் என்று பார்க்கச் சற்றுத் தள்ளி நின்றேன்.

குள்ளமான ஒரு பெண் வந்தார். நாற்பத்து நான்கு வயது. சட்டைக் கையெல்லாம் நூல் துணுக்கு. ஊர் கேட்கப் படித்தார்.

"'நாள்தோறும் நாற்பது நிமிடம் நடைப்பயிற்சி மேற்கொள்க.' அடேங்கப்பா! 'உரிய நேரத்தில் உணவு உண்க.' ஏண்டி, யாருடி எழுதினது இதை? வானத்துலேர்ந்து நேரா இறங்கி வந்தவனா?"

கூட இருந்தவள் முழங்கையால் இடித்தாள். "புதுசா ஒரு சார் வந்திருக்காராம்க்கா. அதோ, உனக்குப் பின்னாடிதான் நிக்கிறார்."

திரும்பினார். பயந்துவிடுவார் என்று நினைத்தேன்.

"நீங்கதானா சார்? ரொம்ப நல்லதாப் போச்சு. காலைல ஏழே முக்காலுக்கு உள்ள வர்றேன். சாயங்காலம் ஆறரை, ஏழு, ஓவர்டைம் இருந்தா எட்டு. அந்த நாப்பது நிமிஷத்தை எங்க வெச்சிருக்கீங்க? ஸ்டோர் ரூம்லயா? சாவியைக் குடுங்க, போய் எடுத்துக்கறேன்."

கூடமே சிரித்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த நோட்டீஸில் ஓர் எழுத்துப் பிழை கிடையாது.

அவர் கேட்டது கேள்வி, கேலி அல்ல என்று எனக்கு உறைக்க ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தில் அவர் காலில் ஒரு விரல் போய்விட்டது.

மூன்றாம் லைனில் நாற்பத்திரண்டு தையல் மெஷின்கள். ஒரு முனையில் துண்டுத் துணியாக நுழைவது மறுமுனையில் சட்டையாக வெளியே வரும். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. தைக்கிற உறுப்புதான் பெயர். பை தைப்பவள் பாக்கெட். கை ஏற்றுபவர் கை அண்ணன். கழுத்துப்பட்டையை உடம்போடு சேர்ப்பவர் காலர் அக்கா. பதினாறு வருடமாக அதே வேலை, அதே பதினேழாம் நம்பர் மெஷின்.

காலர்தான் சட்டையின் முகம். அந்த வளைவில் ஓர் இழை விலகினால், போட்டவன் கழுத்து சுளுக்கியவன் மாதிரி நிற்பான். வளைவு கையில் இல்லை, காலில் இருக்கிறது என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. நேர்த் தையலுக்குப் பெடலை அமுக்கிவிட்டால் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். வளைவு வந்தால் முட்டையை மிதிப்பது மாதிரி மிதிக்க வேண்டும். செருப்புப் போட்ட காலுக்கு அது பிடிபடாது. அதனால் கை தேர்ந்தவர்கள் எல்லோரும் வலது செருப்பைக் கழற்றி மெஷினுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். கம்பெனி விதிப்படி அது குற்றம். ஆனால் லைன் சூப்பர்வைசர் கண்டுகொள்ள மாட்டார். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அதனால் அவர் பெயரும் விசில். செருப்போடு தைத்தால் மணிக்கு ஆறு காலர் குறையும் என்பது அவருக்குத் தெரியும்.

பத்து மணிக்கு டீ. சர்க்கரை போட்டே கலக்கிய டீ, பெரிய எவர்சில்வர் கேனில், மெஷின் பக்கத்துக்கே வரும். உபசாரம் இல்லை அது. எழுந்து போனால் நேரம் போகுமே! பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, அரைமணி நேரம் என்று சுவரில் எழுதியிருக்கும். அன்றைய எண்ணிக்கை குறைந்திருந்தால் விசில் லைன் நடுவில் வந்து நிற்பார். "சாப்பிடப் போறவங்க தாராளமாப் போங்க. யார் யார் போறாங்கன்னு மட்டும் பாத்துக்கறேன்." ஒருவரும் எழ மாட்டார்கள். கழிப்பறைக்குப் போக லைனுக்கு இரண்டே அட்டை. ஒருவர் திரும்பி வந்து அட்டையைக் கொடுத்தால்தான் அடுத்தவர் எழலாம். எண்ணிக்கையைத் தொட்டுவிட்டால் நாலு மணிக்கு ஆளுக்கொரு கிரீம் பன், பரிசாக.

அந்த பன்னை வாங்கிக் கொடுப்பது எங்கள் நலப் பிரிவு. இனிப்பைத் தவிர்க்கச் சொல்லி நோட்டீஸ் எழுதியதும் எங்கள் நலப் பிரிவு. இரண்டுக்கும் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

காலர் அக்காவுக்குச் சர்க்கரை நோய் வந்து அப்போதே மூன்று வருடம். கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு என்று போய்ப் பார்த்தபோது ரத்தத்தில் சர்க்கரை, சாப்பிடுவதற்கு முன்பே முந்நூற்றுப் பதினெட்டு. மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா சீட்டின் பின்பக்கம் வட்டம் போட்டு, கோடு கிழித்துக் காட்டியிருக்கிறார். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ முட்டையோ. நேரம் தவறாமல் சாப்பாடு. தினமும் நடை. மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடக்கக் கூடாது. வெறுங்காலோடு இருக்கக் கூடாது, தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். டாக்டரம்மா சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. அதைத்தான் நானும் எழுதினேன். அதையெல்லாம் ஒரு மனுஷி எந்த நேரத்தில் செய்வாள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அக்கா செய்து பார்த்தார். அந்தச் சீட்டைச் சமையல் மேடைக்கு மேலே ஒட்டினார். வேலை விட்டு வரும்போது பஸ்ஸை விட்டுவிட்டு நாலு நிறுத்தம் நடந்தார். ஆறே வாரத்தில் நூற்று அறுபதுக்கு இறங்கியது. அந்த ஆறு வாரத்தைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே மாறும். "உடம்பு காத்தாடி மாதிரி இருந்துச்சு தம்பி. தையல்ல கூட ஒரு துள்ளல்."

பிறகு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. தினமும் எட்டு மணி வரை ஓவர்டைம். விளக்கில்லாத சாலையில் பைக்கில் இரண்டு பேர் பின்னாலேயே வந்தார்கள். நடை நின்றது. பள்ளி வேன் ஓட்டும் அவர் கணவர், "அவ்வளவு ஆசையா இருந்தா மொட்டை மாடில நடயேன்" என்றாராம்.

"அது வீட்டுக்காரம்மா துணி காயப்போடற இடம். நான் நடந்தா அவங்க துணிக்குச் சக்கரை ஒட்டிக்குமாம், சொல்லிட்டாங்க" என்றாராம் அக்கா.

காயும் அப்படித்தான். விடியற்காலை எழுந்து நறுக்கி வதக்குவார். கணவருக்கு, காலேஜ் போகும் மூத்தவனுக்கு, பள்ளிக்கூடம் போகும் இளையவனுக்கு என்று மூன்று டப்பா போனபின் சட்டியில் காய் இருக்காது. அடிச்சோறு இருக்கும். அதுதான் இவர் டப்பா. "எல்லாருக்கும் போட்டது போக மிச்சம்" என்பது பெரிய தியாகம் மாதிரி நம் வீடுகளில் சொல்லப்படும். அந்த மிச்சம் முழுக்க வெள்ளைச் சோறு. சர்க்கரைக்காரர் உடம்பில் தியாகம் வேலை செய்யாது, சோறுதான் வேலை செய்யும்.

இதற்குமேல் கம்பெனி. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு வருவார். எண்ணிக்கை குறைந்த நாளில் மதியச் சோறு கிடையாது. இரண்டு மணிக்குக் கை நடுங்கும், வியர்வை கொட்டும், ஊசிக்காது இரண்டாகத் தெரியும். நாலு மணிக்கு பன், இரண்டு தம்ளர் டீ. நடுக்கம் நிற்கும், சர்க்கரை எகிறும். மாத்திரையால்தான் நடுக்கம் என்று நினைத்து, ஆர்டர் நெருக்கும் நாட்களில் மாத்திரையையே விட்டுவிடுவார். அந்த நாட்களில் டீயும் பன்னும் மட்டும் தவறாமல் வந்தன.

ஏன் மறைத்தார் என்று கேட்கலாம். பக்கத்து லைனில் ஒரு பெண், "எனக்குச் சக்கரை இருக்கு, நேரத்துக்குச் சாப்பிட விடுங்க" என்று நேர்மையாகச் சொன்னாள். அடுத்த வாரம் அவளை மெஷினிலிருந்து எழுப்பி, நின்றுகொண்டே நூல் வெட்டும் வேலைக்கு மாற்றினார்கள். வருடக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்கவில்லை. அதற்கப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்?

ஒப்பந்தம் புதுப்பிக்கும் படிவத்தில், 'நோய் ஏதேனும் உண்டா?' என்று ஒரு வரி. அந்த வருடம் அக்காவுக்குப் படிவம் நிரப்பியவன் நான்.

"இல்லைன்னு போடுங்க சார்."

"எதுவுமே இல்லையா அக்கா?"

"வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அதுக்குக் கட்டம் இருந்தா அதுல போடுங்க."

'இல்லை' என்று அழகாக எழுதினேன்.

அதற்கு மறுமாதம் அக்கா என்னிடம் ஒரு புகார் கொண்டுவந்தார். பெடல் லூசாகிவிட்டதாம், மிதித்தால் பிடிமானம் தெரியவில்லையாம். சீட்டு எழுதிக் கொடுத்தேன். மெக்கானிக் வந்து முடுக்கினார். பத்து நாளில் மறுபடி வந்தார். மறுபடி முடுக்கினார். மூன்றாம் முறை மெக்கானிக் தலையில் கைவைத்துக்கொண்டார். "அக்கா, இதுக்கு மேல இறுக்கினா நீங்க பெடலை மிதிக்க முடியாது, பெடல்தான் உங்களை மிதிக்கும்."

"போடா. பதினாறு வருஷமா மிதிக்கறேன், எனக்குத் தெரியாதா? இந்தப் பெடல் செத்துப்போச்சு."

செத்தது பெடல் இல்லை. உள்ளங்காலில் உணர்ச்சி போய்க்கொண்டிருந்தது. கம்பளி சுற்றிய மாதிரி இருக்கிறது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். நாள் முழுக்க உட்கார்ந்தால் அப்படித்தான் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். பதினாறு வருடம் பொய் சொல்லாத கால். அதை அவர் சந்தேகப்படவே இல்லை, மெஷினைத்தான் சந்தேகப்பட்டார். ஒரு தையல்காரரால்தான் அப்படி ஏமாற முடியும். பெடலை இறுக்க இறுக்க, இன்னும் பலமாக மிதித்தார். பெடலில் ரப்பர் தேய்ந்து, இரும்பு விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது கட்டைவிரலுக்குப் பக்கத்து விரலின் அடியை நாள்முழுக்க அறுத்தது. அவருக்கு வலிக்கவில்லை.

மெக்கானிக் பார்த்தது ஸ்க்ரூவை. விசில் பார்த்தது எண்ணிக்கையை. நான் பார்த்தது சீட்டில் தேதி சரியா என்று. ஒருவரும் குனிந்து அந்தக் காலைப் பார்க்கவில்லை.

பிறகு ஊசி உடைந்த நாள் வந்தது.

தையல் கம்பெனியில் ஊசி உடைந்தால் லைன் நிற்க வேண்டும். துண்டுகள் அத்தனையும் கிடைக்க வேண்டும். சேர்த்து வைத்து முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து, ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டிவிட்டுத்தான் புது ஊசி தருவார்கள். எங்கோ தூரதேசத்தில் சட்டை போடுகிறவன் தோலில் குத்திவிடக் கூடாதாம். நல்ல விதிதான். அந்தச் சட்டைக்காரன் தோல்மேல் இருந்த அக்கறையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அன்று உடைந்தது பாக்கெட்டின் ஊசி. அக்காவுக்கு நேர் பின் மெஷின். இரண்டு துண்டு கிடைத்தது, முனை கிடைக்கவில்லை. விசில் ஊதி லைனை நிறுத்தினார். குச்சியில் கட்டிய காந்தத்தால் தரையைத் துழாவினார்கள். கட்டுக் கட்டாகத் துணியை, இரும்பைக் கண்டால் அலறும் டிடெக்டருக்குள் விட்டு எடுத்தார்கள். எல்லோரும் எழுந்து தேடினார்கள். அக்காவும் வெறுங்காலோடு இங்குமங்கும் நடந்து தேடினார். ஒரு மணி நேரம் போனது, இரண்டு மணி நேரம் போனது.

"ஒரு கடுகளவு இரும்பு! நாப்பத்திரண்டு பேர், எண்பத்திநாலு கண்ணு!" விசில் கத்தினார். "யாராவது பிடிக்காம ஒளிச்சு வெச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"ஆமா, ஒளிச்சு வெச்சு வீட்டுக்குப் போய் வறுத்துத் தின்னப் போறோம்" என்றார் அக்கா.

கடைசியில் கையில் பிடித்துத் தடவும் டிடெக்டரை எடுத்து வந்தார் மெக்கானிக். வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவர் உடுப்பாகத் தடவினார். அக்காவிடம் வந்ததும், பாதத்தருகே கருவி அலறியது.

"சொன்னேனில்ல!" என்றார் விசில். "செருப்பைக் கழட்டு."

"கண்ணு தெரியலையா? செருப்பே போடலை."

"அப்ப காலைத் தூக்கு."

மெஷினைப் பிடித்துக்கொண்டு வலது காலை மடக்கித் தூக்கினார். முனை அங்கே இருந்தது. குதிகாலுக்குச் சற்று முன்னால், சதைக்குள், ஒரு பொட்டு இரும்பு வெளியே தெரிய. இரண்டு மணி நேரம் அதை மிதித்துக்கொண்டே அதைத் தேடியிருக்கிறார். விரலுக்கு அடியில் இன்னொன்றும் தெரிந்தது: பெடல் விளிம்பு போட்ட பள்ளம், ஓரமெல்லாம் கறுத்து, நாற்றமெடுத்து.

"இதென்னடி வாசனை?" என்று அக்காதான் முதலில் கேட்டார்.

பாக்கெட் அழத் தொடங்கினாள். கம்பெனி நர்ஸ் வந்து, பார்த்து, நேராக அக்கா முகத்தை நோக்கி ஒரே கேள்வி கேட்டார்: "எத்தனை வருஷமா சக்கரை?"

அக்கா வாயைத் திறக்கவில்லை. நான் பார்த்து அவர் பதில் சொல்லாமல் நின்றது அந்த ஒரு முறைதான். பயந்தது காலுக்காக இல்லை. அவர் கண் பதினேழாம் மெஷின் மேல் இருந்தது.

இதற்கு நடுவே விசில் அந்த ஊசி முனையை நர்ஸ் கையிலிருந்து வாங்கி, துடைத்து, மற்ற இரண்டு துண்டுகளோடு சேர்த்து நோட்டில் ஒட்டினார். ஊசி முழுசாக இருந்தது. லைன் ஓடியது. யாரோ ஒருவன் தோலில் குத்திவிடும் என்று இரண்டு மணி நேரம் தேடிய கம்பெனி, அது ஒரு தோலுக்குள்ளிருந்துதான் வந்தது என்பதை நோட்டில் எழுதவில்லை. அதற்கு அதில் கட்டம் இல்லை.

ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி பத்தரை; ஏழுக்குள் இருக்க வேண்டியது. இன்னும் பத்து நாள் போயிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார்கள்.

நாலாம் நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஒரு கடிதம் தட்டச்சு செய்யச் சொன்னார். உடல்நிலை காரணமாகத் தானாக முன்வந்து விலகுகிறேன் என்று அக்கா எழுதுவது மாதிரி. "படிவத்துல பொய்த் தகவல் குடுத்திருக்காங்க. நாம நடவடிக்கை எடுக்காம விடறதே பெரிய விஷயம். நீயே போய்ப் பக்குவமா எடுத்துச் சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டு வா. படிச்ச பையன், உன் பேச்சைக் கேப்பாங்க."

தட்டச்சு செய்தேன். எடுத்துக்கொண்டும் போனேன். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

பத்துக் கட்டில் போட்ட வார்டு. அக்கா காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். கணவர் ஸ்டூலில். அக்கா கடிதத்தை வாங்கி முழுசாகப் படித்தார்.

"பிழையே இல்லாம எழுதியிருக்கீங்க சார்."

கடிதத்தை மார்மேல் கவிழ்த்து வைத்தார்.

"பொய் சொன்னேன், ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தப் படிவத்துல நீங்க கேட்டது 'நோய் இருக்கா'ன்னா, இல்ல 'வேலை வேணுமா'ன்னா? எனக்கு ரெண்டாவது கேள்விதான் காதுல விழுந்துச்சு. அதுக்குத்தான் பதில் சொன்னேன்."

"போதும்மா" என்றார் கணவர். "கையெழுத்தைப் போட்டுட்டு வீட்டுல இரு. நான் பாத்துக்கறேன்."

"என்னத்தைப் பாத்துப்பீங்க? மூணு வருஷமா என் டப்பாவுல என்ன இருந்துச்சுன்னு பாத்தீங்களா? என் உள்ளங்காலைப் பாத்தீங்களா?" அவர் கத்தியதில் பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் படுத்துக்கொண்டார். "நடக்க வழியில்ல, தின்ன நேரமில்ல, ஒண்ணுக்குப் போக அட்டை இல்ல. வாயைக் கட்டலை, வயித்தைக் கட்டலைன்னு எல்லாரும் என்னையே சொல்லுங்க. கட்டினது யாரு? மெஷின்ல கட்டிப் போட்டது யாரு?"

கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். கையெழுத்து இல்லை. நான் அதைக் கிழித்துப் போட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். கிழிக்கவில்லை. மேனேஜர் மேசையில் வெறுமையாகவே வைத்துவிட்டு, "போட மாட்டேங்கறாங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஏழு வாரம் பதினேழாம் மெஷினில் மூன்று பேரை மாற்றி மாற்றி உட்காரவைத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு காலர் பிரித்துத் தைக்கும்படி திரும்பி வந்தது. எட்டாம் வாரம் அக்கா கட்டுப் போட்ட காலோடு, அகலமான செருப்புப் போட்டுக்கொண்டு, பிடிமானக் குச்சியோடு வந்து நின்றார். அதே நாளில் மேனேஜர் லைனைக் கூட்டிப் பேசிக்கொண்டிருந்தார். இனி எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை, நோய் உள்ளவர்கள் மெஷினில் உட்கார முடியாது, எல்லாம் உங்கள் பாதுகாப்புக்காக என்றார். அக்கா பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், பரிசோதனை எதுக்கு? நானே சொல்லிடறேன்." குச்சியைத் தரையில் தட்டினார். "ஏய், சக்கரைக்கு மாத்திரை போடறவங்கல்லாம் எந்திரிங்கடி."

ஒருவரும் அசையவில்லை.

"எனக்குப் போனது விரல். உங்களுக்கு முழங்கால் வரைக்கும் போகட்டும்னு காத்திருக்கீங்களா?"

பாக்கெட் எழுந்தாள். அவளுக்கு முப்பத்தொன்றுதான் வயது. அப்புறம் கை அண்ணன். பட்டன் தைப்பவர். ஓரம் மடிப்பவர்கள் மூன்று பேர். எண்ணினேன், பதின்மூன்று. லைனில் கை தேர்ந்தவர்கள் என்று யார் யாரைச் சொல்வோமோ அவர்கள். பத்துப் பதினைந்து வருடம் உட்கார்ந்தவர்கள் எல்லோரும்.

"விசிலு," என்றார் அக்கா, "உங்க சட்டைப் பையில இருக்கற மாத்திரைப் பட்டை?"

"அது... அது கேஸ் டிரபிளுக்கு."

"ஆமா, தினம் காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி கேஸ் வரும்."

சிரிப்பு வெடித்தது. விசில் எழவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. ஆர்டர் கப்பலேற ஒன்பது நாள்தான் இருந்தது. மேனேஜர் பதின்மூன்று பேரையும் பார்த்தார், மெஷின்களைப் பார்த்தார். கணக்கு அவருக்கே வந்துவிட்டது.

அன்று மாலை நர்ஸ், அக்கா, பாக்கெட், நான் நால்வரும் மேனேஜர் அறையில் உட்கார்ந்தோம். அக்கா கேட்டது எதுவும் பெரிதில்லை. பன்னிரண்டரைக்கு மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். "மெஷின் ஓடினா நாங்க எந்திரிக்க மாட்டோம். எங்களை எங்களுக்கே தெரியும்." சாப்பிட்டதும் லாரி நிற்கும் முற்றத்தை நாலு சுற்று நடக்கப் பத்து நிமிடம். டீயில் சர்க்கரை கலக்கக் கூடாது, வேண்டுபவர் தனியாகப் போட்டுக்கொள்ளட்டும். பன்னுக்குப் பதில் அவித்த முட்டையோ கடலையோ. பெடலுக்குப் புது ரப்பர், காலுக்கு மெல்லிய துணிச் செருப்பு. பரிசோதனை முடிவு நர்ஸிடம் இருக்க வேண்டும், மேனேஜரிடம் போகக் கூடாது. கழிப்பறை அட்டையும் எட்டு மணி ஓவர்டைமும் ஒழிய வேண்டும்.

அட்டையும் எட்டு மணி ஓவர்டைமும் தவிர மற்றவை கிடைத்தன. ஆர்டர் போனதும் பறித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பிற்பகலில் பிரித்துத் தைக்கும் சட்டைகள் பாதியாகக் குறைந்ததால் விட்டுவைத்தார்கள். கருணையால் அல்ல.

லைனிலேயே முணுமுணுப்பு இருந்தது. "காலர் அக்காவுக்கு விரல் போச்சு, எங்களுக்கு டீ போச்சு" என்றாள் ஒருத்தி.

"இனிப்பு வேணும்னா என்னைப் பாத்துக்கிட்டே குடி" என்றார் அக்கா.

அவரால் ஐந்து மாதம் அந்தச் சுற்று நடக்க முடியவில்லை. புண் ஆறும்வரை பாதத்தில் அதிகம் பாரம் ஏற்றக் கூடாது. மற்றவர்கள் முற்றத்தைச் சுற்றும்போது நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு தண்ணீர் பாட்டிலைத் தூக்கித் தூக்கி இறக்குவார். சுற்றாமல் ஓரமாக நின்று போன் பார்ப்பவர்களை அங்கிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

வீட்டிலும் சட்டம் மாறியது. காய் நறுக்குவது கணவரும் மூத்தவனும். நாலு தட்டு ஒரே நேரத்தில் வைக்கப்படும். முதல் காய் அக்கா தட்டுக்கு. அந்த வட்டம் போட்ட சீட்டுப்படி எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. மூத்தவனைப் பரிசோதித்ததில் அவனும் சர்க்கரை நோயின் எல்லையில் நின்றது தெரிந்தது. இரவுச் சோற்றைக் குறைத்து, சைக்கிளில் காலேஜ் போகத் தொடங்கினான். ஆறு மாதத்தில் அவன் அளவு சரியாகிவிட்டது. தினமும் படுக்கப் போகுமுன் கணவர் டார்ச் அடித்து அக்காவின் இரண்டு உள்ளங்காலையும் பார்க்கிறார்.

"இருபத்திரண்டு வருஷம் கழிச்சு என்னைக் கால்ல விழ வெச்சுட்டா" என்றார் என்னிடம்.

"விழுந்தவரு ஒழுங்காப் பாருங்க, குதிகாலை விட்டுட்டீங்க" என்றார் அக்கா.

என் கோபம் ஆறவில்லை. வாயைக் கட்ட வேண்டும், உடம்பை அசைக்க வேண்டும் என்பது உண்மை. அக்காவே அதற்குச் சாட்சி. ஆனால் அதற்கு வேண்டிய நேரமும் இடமும் தட்டும் ஒருவர் கையில் இல்லாதபோது, அறிவுரை மட்டும் அவர் கையில் கொடுப்பது பெரிய அயோக்கியத்தனம். ஒரு விரலை வெட்டிக் கொடுத்த பிறகுதான் அரைமணி நேரம் சுவிட்சை அணைத்தார்கள். அந்த சுவிட்ச் பதினாறு வருடமும் அதே சுவரில்தான் இருந்தது.

இப்போது அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. மூன்று மாதச் சராசரி ஏழே கால். மதியம் நாலு சுற்று நடக்கிறார். கொஞ்சம் சாய்ந்த நடை. பொய்த் தகவல் கொடுத்ததாக ஓர் எச்சரிக்கைக் கடிதம் இன்னும் அவர் கோப்பில் இருக்கிறது. நீக்கச் சொல்லி மூன்று முறை எழுதிவிட்டேன், பதில் இல்லை. மூன்றாம் லைன், பதினேழாம் மெஷினில் காலர் தைக்கிறார், இடது காலால் மிதித்து. மணிக்கு நாலு காலர் முன்பைவிடக் குறைவு.